நியூஸ்லெட்டரில் என் பிள்ளை பெயர் எங்கே? இங்கிலாந்து பிரெப் ஸ்கூல் டெர்ம் முடிவு: கேள்வி பதில்

தென் இங்கிலாந்தில் ஒரு பிரெப் ஸ்கூலில் பதினாறு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஜூலை முதல் இரண்டு வாரத்துக்குள் சம்மர் டெர்ம் முடிந்துவிடும். முடிந்த கையோடு பள்ளியிலிருந்து நியூஸ்லெட்டர் வரும். யார் எந்தப் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள், யாருக்கு ஸ்காலர்ஷிப், எந்த அணி ஜெயித்தது, யார் எந்த கிரேடு பாஸ் பண்ணினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மறுநாளிலிருந்து நம்மவர்களிடமிருந்து எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். இந்த முறை எல்லாரையும் எழுதியே கேட்கச் சொன்னேன். வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெப் ஸ்கூல் என்பது ஏழு, எட்டு வயதிலிருந்து 11 அல்லது 13 வயது வரை பிள்ளைகளை வைத்திருந்து, அடுத்த கட்டமான சீனியர் ஸ்கூலுக்குத் தயார் செய்து அனுப்பும் தனியார் பள்ளி. இயர் 8 முடித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 13 வயது.

ரெடிங்கிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகன் இயர் 8 முடித்துவிட்டான். நியூஸ்லெட்டரில் முதல் பக்கம் முழுக்க ஸ்காலர்ஷிப் வாங்கிய பிள்ளைகள். ஒரு பையனுக்கு "எக்ஸிபிஷன்" என்று போட்டிருக்கிறது, அது என்ன? என் மகன் காமன் என்ட்ரன்ஸ் என்ற நுழைவுத் தேர்வை பாஸ் பண்ணி, அவன் ஆசைப்பட்ட பள்ளிக்கே போகிறான். ஆனால் அவன் பெயர் கடைசிப் பத்தியில் ஒரே வரி. நாங்கள் எதையாவது கோட்டை விட்டுவிட்டோமா?

இல்லைம்மா. அவன் போக நினைத்த இடத்துக்கே போகிறான், முதலில் அதைச் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள்.

இந்தச் செய்தியின் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று சொன்னால் அந்த ஒரு வரியின் கனம் உங்களுக்குப் புரியும். உங்கள் மகனுக்கு இயர் 6இலோ 7இலோ கம்ப்யூட்டரில் ஒரு பிரீ-டெஸ்ட் நடந்திருக்கும். ஆங்கிலம், கணக்கு, வெர்பல் ரீசனிங், நான்-வெர்பல் ரீசனிங் என்று நாலு பகுதி. அதை வைத்துத்தான் சீனியர் ஸ்கூல் இடம் தருகிறது, அதுவும் நிபந்தனையோடு: இயர் 8இல் காமன் என்ட்ரன்ஸில் நாங்கள் கேட்கும் மார்க் வாங்க வேண்டும் என்று. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றும் முக்கியப் பாடம். அதற்குமேல் பிரெஞ்சு, லத்தீன், வரலாறு, புவியியல், சமயம் என்று பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கேள்வித்தாள் பொதுவானது, ஆனால் விடைத்தாளைத் திருத்துவது பிள்ளை போகப்போகிற பள்ளியின் ஆசிரியர்கள்தான். பாஸ் மார்க்கும் அந்தந்தப் பள்ளி வைப்பது. அதனால் ஒரு பள்ளியில் 65 விழுக்காடு வாங்கியவனையும் இன்னொரு பள்ளியில் 65 வாங்கியவனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. 1904இலிருந்து இந்தத் தேர்வு இருக்கிறது. சில பள்ளிகள் இப்போது இதை விட்டுவிட்டன. வைத்திருக்கும் பள்ளிகளில் இது லேசான தேர்வு இல்லை.

ஸ்காலர்ஷிப் என்பது இதற்கு மேல் தனித் தேர்வு. எக்ஸிபிஷன் என்பது ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு படி கீழே உள்ள கௌரவம், கண்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஈட்டன் பள்ளியை ஆறாம் ஹென்றி 1440இல் நிறுவினார். அங்கே கிங்ஸ் ஸ்காலர்கள் மொத்தம் 70 பேர், வருடத்துக்குப் பதினாலு பேர் அளவில்தான் எடுப்பார்கள். அதற்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் கணக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு வருடம் தனி வகுப்பு, தனிப் பாடம். அந்தப் பாதை எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்தாத பிள்ளையை அதில் தள்ளினால் 13 வயதிலேயே படிப்பு கசந்துபோகிறது. அப்படிக் கசந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெம்பிளியிலிருந்து ஓர் அப்பா: ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஃபீஸ் கட்ட வேண்டாம்தானே?

இந்த எண்ணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றைக்குப் பல பள்ளிகளில் ஸ்காலர்ஷிப் என்பது பெருமைதான், பணம் குறைவு. ஐந்து, பத்து விழுக்காடு தள்ளுபடி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். உண்மையில் ஃபீஸைக் குறைப்பது பர்சரி. அது குடும்ப வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தருவது. தேவை இருந்தால் முழுக் கட்டணத்தையும் ஏற்கிற பள்ளிகள் உண்டு. கேட்பதில் வெட்கமே வேண்டாம், ஆனால் சீக்கிரம் கேளுங்கள். இடம் உறுதியான பிறகு கேட்பது தாமதம். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு வாட் வரியும் இருக்கிறது, கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாத்தா: அம்மா, என் பேத்தி லண்டன் பக்கத்தில் படிக்கிறாள். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நியூஸ்லெட்டரில் பேத்திக்கு "ஹாக்கி கலர்ஸ்" கிடைத்ததாக இருக்கிறது. மகளிடம் கேட்டால் "அது ஒரு அவார்டுப்பா" என்று முடித்துவிட்டாள். கலர் என்றால் என்ன கலர்?

ஐயா, உங்கள் பேத்திக்கு என் வாழ்த்துகள். கலர்ஸ் என்பது பள்ளியின் வண்ணத்தை அணியும் உரிமை. ஓர் ஆட்டத்தில் கோல் போட்டதற்காகத் தருவதில்லை. அந்தப் பருவம் முழுக்க ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்து, நன்றாக ஆடி, தோற்ற நாளிலும் அணியைத் தாங்கிப் பிடித்த பிள்ளைக்குக் கோச் பார்த்துத் தருவது. சில பள்ளிகளில் டை, சிலவற்றில் பிளேசரில் தைக்கிற சின்ன பேட்ஜ், சிலவற்றில் தொப்பி. அடுத்த முறை வீடியோ காலில் பேத்தியை பிளேசரைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இடது பக்கம் பாக்கெட்டுக்குக் கிட்டே பாருங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். எந்த மேட்சில் ரொம்பக் குளிராக இருந்தது என்று கேளுங்கள். மழையிலும் உறைபனியிலும் ஆடித்தான் அதை வாங்கியிருப்பாள், கேட்டால் நிறுத்தாமல் சொல்வாள்.

ஹாரோவிலிருந்து ஓர் அம்மா: மகள் வயலினில் கிரேடு 3, மெரிட், 124 மார்க். கூடப் படிக்கிற பெண் கிரேடு 5 முடித்துவிட்டாள். மகள் சனிக்கிழமைகளில் கர்நாடக வயலினும் கற்றுக்கொள்கிறாள். அதை நிறுத்தினால் கிரேடு வேகமாக ஏறுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

முதலில் மார்க். இந்த கிரேடு தேர்வுகளை நடத்துகிற இசை அமைப்பு ஏபிஆர்எஸ்எம். அதன் தேர்வு மொத்தம் 150. பாஸுக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. வழக்கமான தேர்வில் மூன்று உருப்படிக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காது கேட்டுச் சொல்வதற்கு 18. மார்க் ஷீட்டை எடுத்து எந்தப் பகுதியில் குறைந்தது என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பார்த்தவுடன் வாசிப்பதில்தான் போகும், ஏனென்றால் நம் முறையில் கேட்டுக் கேட்டுத்தான் பாடம். தினமும் ஐந்து நிமிடம், புதிதாக நாலு வரி வாசித்தால் அது சரியாகிவிடும். கிரேடு 5க்குப் பிறகு 6க்குப் போக வேண்டுமானால் தியரி போன்ற ஒரு தேர்வையும் முடித்திருக்க வேண்டும், அங்கே பலரும் ஒரு வருடம் நிற்பார்கள். அவசரப்பட்டு ஏறியவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

இரண்டு வயலின் என்றால் இரண்டு சுருதி, இரண்டு உட்காரும் முறை. குழப்பம் வரும் என்று மேற்கத்திய ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பெண் டெர்ம் கடைசி கச்சேரியில் முதலில் நின்றுகொண்டு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தாள். அப்புறம் மேடை ஓரத்தில் ஒரு ஜமுக்காளம் விரித்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கால் பாதத்தில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்தாள். சுருதி சேர்க்கும்போதே அரங்கம் அமைதியாகிவிட்டது. வர்ணத்தில் இரண்டாம் காலம் வந்தபோது எங்கள் மியூசிக் டீச்சர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் அந்தப் பெண்ணிடம் கமகம் என்றால் என்ன என்று கேட்டு, தன் வயலினில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகளிடம் இருக்கும் அந்த இன்னொரு காது எந்த கிரேடிலும் கிடைக்காது. பள்ளிக் கச்சேரிக்கு அவள் பெயரை நீங்களே கொடுங்கள். பள்ளிகள் சந்தோஷமாக ஏற்கும், ஆனால் வீட்டில் இது நடக்கிறது என்று யாராவது சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

லெஸ்டரிலிருந்து ஓர் அப்பா: மகன் இயர் 6. ஜூனியர் மேத்ஸ் சேலஞ்சில் வெண்கலம்தான். ஏன் தங்கம் வரவில்லை?

அது இயர் 8 வரை உள்ள பிள்ளைகளுக்கான போட்டி. உங்கள் மகன் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறான்! ஒரு மணி நேரம், 25 கேள்வி, 135 மார்க். தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற கணக்கில் தருகிறார்கள். இயர் 6இல் வெண்கலம் என்பது நல்ல சேதி. பழைய கேள்வித்தாளை எடுத்து அவன் விட்ட கேள்வியில் ஒன்றே ஒன்றை லீவில் இருவரும் சேர்ந்து போடுங்கள். ஒன்று போதும்.

கிராய்டனிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 24 பக்க நியூஸ்லெட்டர். என் மகள் இயர் 5. அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அவளே உட்கார்ந்து விரலை வைத்துத் தேடினாள். நான் என்ன சொல்லட்டும்?

உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

நியூஸ்லெட்டரில் எண்ணக்கூடியதுதான் வரும்: கோப்பை, கிரேடு, ரன், இடம். அது சேரப்போகிற பெற்றோரும் படிக்கிற கடிதம். உங்கள் மகளைப் பற்றிய கடிதம் ரிப்போர்ட். அதை எடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று எவ்வளவு வந்திருக்கிறது, இன்னொன்று எவ்வளவு முயன்றாள். எழுத்தா எண்ணா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். முயற்சிக் கட்டத்தைப் போன டெர்ம் ரிப்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஆசிரியர்கள் எழுதிய வாக்கியங்கள். "சாலிட் டெர்ம்" என்று இருந்தால் குறை இல்லை, ஆனால் அந்த ஆசிரியருக்கு அவளை இன்னும் நெருக்கமாகத் தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். குறிப்பிட்ட ஒரு நாள், ஒரு வேலை, ஒரு கேள்வி பற்றி எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

என் வகுப்பில் ஒரு பெண். அவளும் இயர் 5. செப்டம்பரில் ஒரு கணக்கு தப்பானால் தாள் கிழியும் வரை அழிப்பாள். பின்னக் கணக்குப் பக்கங்களில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அடுத்த பக்கத்து எண் தெரியும். ஜூனில் ஒருநாள் தப்பைக் கண்டதும் ரூலரை எடுத்து, அதன் மேல் ஒரே கோடு போட்டு, கீழே மறுபடி எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வருடம் என் வகுப்பில் நடந்த பெரிய சாதனை அதுதான். ரிப்போர்ட்டில் அதை அப்படியே எழுதினேன். நியூஸ்லெட்டரில் அதற்கு இடமே கிடையாது.

மகளிடம், "உன் பெயர் இல்லாதது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது" என்று சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். அப்புறம் அவளுடைய கணக்கு நோட்டு, ஆர்ட் நோட்டு இரண்டையும் எடுத்து, செப்டம்பர் பக்கத்தையும் ஜூன் பக்கத்தையும் அவளையே காட்டச் சொல்லுங்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஃபார்ம் டீச்சரிடம், அதாவது வகுப்பாசிரியரிடம், பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். "ஏன் பரிசு இல்லை" என்று கேட்காதீர்கள், "இவள் எப்போது முகம் மலர்கிறாள்" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அரைப் பருவ விடுமுறைக்குப் பிறகு திரும்பப் போய்க் கேளுங்கள்.

சட்டனிலிருந்து ஓர் அப்பா: பிரெப் ஸ்கூலில் 13 வரை இருப்பதா, 11இல் கிராமர் ஸ்கூலுக்கு எழுதுவதா?

கிராமர் ஸ்கூல் என்பது தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற, ஃபீஸ் இல்லாத அரசுப் பள்ளி. அந்தத் தேர்வு பெரும்பாலும் இயர் 6 தொடங்கும் செப்டம்பரில். பள்ளி இடத்துக்கான விண்ணப்பம் அக்டோபர் 31க்குள், எந்தப் பள்ளியில் இடம் என்ற முடிவு மார்ச் 1 அன்று. 13 வரை போகிற பள்ளியிலிருந்து நடுவில் எடுத்தால் முழு ஒரு டெர்ம் முன்னறிவிப்பு கேட்பார்கள், இல்லாவிட்டால் அந்த டெர்ம் ஃபீஸ் கட்ட வேண்டிவரும். ஒப்பந்தத்தில் தேதியை இப்போதே பாருங்கள். எது நல்லது என்பது பிள்ளையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

மில்டன் கீன்ஸிலிருந்து ஓர் அண்ணன்: நியூஸ்லெட்டரில் பாதிக்குமேல் கிரிக்கெட். இவ்வளவு எதற்கு?

சம்மர் டெர்ம் என்றால் கிரிக்கெட்தான், இப்போது பெண் பிள்ளைகளும் நிறைய ஆடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: பிரெப் ஸ்கூல்களின் சங்கம் 1892இல் உருவானதே, சின்னப் பையன்களுக்கு எந்த அளவு கிரிக்கெட் பந்து, பிட்ச் எவ்வளவு நீளம் என்று தலைமையாசிரியர்கள் கூடிப் பேசியதில்தான். பிள்ளையின் கைக்கு ஏற்ற பந்து வேண்டும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஸ்லவிலிருந்து ஓர் அம்மா: மகன் இயர் 8, நாளை கடைசி நாள். பழைய வெள்ளைச் சட்டை ஒன்று வேண்டும் என்கிறான், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களாம். நல்ல சட்டையைக் கொடுக்கலாமா? துவைத்தால் போய்விடுமா?

இந்த வருடம் போட்ட பள்ளிச் சட்டையையே கொடுங்கள், காலர் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சாதாரண ஃபெல்ட் பேனா துவைத்தால் போய்விடும். துணியில் எழுதுகிற மார்க்கர் இரண்டு வாங்கிப் பையில் போட்டு அனுப்புங்கள், இல்லாத பிள்ளைகளும் அதையே வாங்கி எழுதுவார்கள். எழுதும்போது முதுகுப் பக்கத்து மை முன்பக்கம் ஊறாமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையை உள்புறம் வெளியே திருப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் நன்றாகத் தேயுங்கள், மை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் துவைக்க வேண்டாம். சாயங்காலம் அவன் கொஞ்சம் அழுவான், சட்டை கொஞ்ச நேரம் அவனிடமே இருக்கட்டும். தேய்ப்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.