திருநெல்வேலியில் சிறிய இன நாய்க்குட்டி வாங்கப் போகிறோம். வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பாளையங்கோட்டையில் முதல் மாடி வீடு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, பள்ளிக்குப் போகும் மகள், வயதான மாமியார். பொமரேனியனோ ஷிட்சுவோ ஒரு குட்டியை மே விடுமுறையில் கொண்டுவர எண்ணம். கூண்டு, படுக்கை, கிண்ணம், சீப்பு என்று எதையெல்லாம் வாங்கி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீடு பெருமாள்புரத்தில். சுந்தரி என்ற ஸ்பிட்ஸ் எங்களோடு வளர்கிறாள். நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அசல் பொமரேனியன் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் மூன்று கிலோ அளவில்தான் இருக்கும். எதுவானாலும், பொருள்களைக் கடைசியில் பாருங்கள். அவற்றை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். குட்டி வந்த முதல் மூன்று நான்கு வாரங்கள் பகல் முழுவதும் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாமியார் இருக்கிறார் என்றால், அவருக்கு இதில் மனம் உண்டா என்று கேளுங்கள். குனிந்து நிமிர அவரால் முடியுமா, காலடியில் ஓடும் குட்டி தடுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அவர் தயங்கினால் உங்களில் ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் இந்த ஆண்டு வாங்க வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. சிறிய இனக் குட்டியின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலோ, குளிர் தாக்கினாலோ, அளவுக்கு மீறி விளையாடினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். குட்டி துவளும், தள்ளாடும், உடல் நடுங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து இறந்தும் போகும். பெரிய இனக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து குறைவு. பொமரேனியன், சிவாவா, மால்டீஸ் போன்றவற்றுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்வரை இது எப்போதும் அருகிலேயே நிற்கிறது.

சுந்தரி குட்டியாக இருந்தபோது விருந்தினர் பிள்ளைகளோடு காலை முழுவதும் ஓடியாடிவிட்டு, வைத்த உணவை முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மாதான் தூக்கிப் பார்த்து, கழுத்து நிற்கவில்லை என்றார். மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி தேனை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவினோம், துணியில் சுற்றிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே கண் விழித்துப் பார்த்தாள். அம்மா அன்று வீட்டில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் ஒப்பவில்லை. தேன் அல்லது கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸ், ஈறில் மட்டும் தடவ வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தேறிவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு; கடைசி வேளை நீங்கள் தூங்கப் போகும் முன்.

மே மாதத்தைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைக்கு விடுமுறை என்பதால்தான் நம் ஊரில் பலர் மே மாதத்தில் குட்டி வாங்குகிறார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் மாடி வீட்டு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜூனில் பள்ளி திறந்ததும், அதுவரை மடியிலேயே கிடந்த குட்டி ஒரே நாளில் தனியாகிவிடும். அதன் அழுகையை அக்கம்பக்கத்தார் வந்து சொல்வார்கள். புரட்டாசி, ஐப்பசியும் எனக்கு உகந்ததாகத் தெரியவில்லை. தசராவுக்கு உங்கள் பக்கத்துத் தெருக்களில் சப்பரங்கள் வரும். மேளமும் வெடியும் ஓய்வதற்குள் தீபாவளி வந்துவிடும். பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. தைப் பொங்கல் கழிந்த வாரங்கள்தான் நெல்லைக்குச் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

வாங்கும் இடத்தைப் பற்றி: தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். தாய் இருக்கும் இடம், அதன் உடல்நிலை, மனிதரைக் கண்டால் அது நடந்துகொள்ளும் விதம், இவை எந்தச் சான்றிதழையும் விட அதிகம் சொல்லும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டியை, பஞ்சு போல இருக்கிறது பாருங்கள் என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வயதில் அதற்குத் தாயும் கூடப்பிறந்தவையும் வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக்கூட அவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. ‘டீகப்’ என்று ஓர் இனம் கிடையாது. எடை குறைந்த, நலிந்த குட்டிக்குக் கூடுதல் விலை வைக்க உருவாக்கிய பெயர் அது. பணம் அனுப்புங்கள், இரவு பஸ்ஸில் கூடையில் வைத்து அனுப்பிவிடுகிறோம் என்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள். மதுரையானாலும் நாகர்கோவிலானாலும் நேரில் போய், பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அதிகாலையில் கிளம்புங்கள். வாந்தி எடுக்கும் என்று பயந்து பட்டினி போட வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிறிதளவு உணவு, வழியில் தண்ணீர். தாயின் மேல் தேய்த்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசனை முதல் சில இரவுகளுக்குத் துணை.

குட்டி வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து வையுங்கள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய வசதி. அங்கே சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. அதோடு வீட்டுக்கு அருகில் ஒருவரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் யாரை அழைப்பது என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். வந்த ஓரிரு நாளில் குட்டியைக் காட்டிவிட வேண்டும். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும். பூச்சி மருந்து எடையைப் பார்த்துக் கொடுப்பது. மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் கொடுங்கள். விற்பவர் ‘எல்லா ஊசியும் போட்டாயிற்று’ என்று வாயால் சொன்னால் ஏற்க வேண்டாம். மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவர் கையொப்பமும் உள்ள அட்டை வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் பயப்பட வேண்டியது பார்வோ என்ற வைரஸ் நோய். வாந்தி, இரத்தத்தோடு நாற்றமெடுக்கும் வயிற்றுப்போக்கு என்று தொடங்கி ஓரிரு நாளில் சின்னக் குட்டியைக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு மாடிக்கும் ஏறும். ஆகவே செருப்பு வாசலுக்கு வெளியே. வெளியிலிருந்து வருபவர் கை கழுவாமல் குட்டியைத் தொடக் கூடாது. பினாயிலை நம்ப வேண்டாம். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் பத்து நிமிடம் நிற்கவிட்டு, நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே குட்டியை விடலாம். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. அதற்காக அறைக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் பயந்த நாயாக வளரும். தூக்கிக்கொண்டு போங்கள். மார்க்கெட் சத்தம், பஸ் ஹாரன், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், எல்லாவற்றையும் அது உங்கள் கையிலிருந்தபடி பார்க்கட்டும்.

வீட்டைத் தயார் செய்வதென்றால் தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். கீழே தொங்கும் மின்கம்பி, பீரோவுக்கு அடியில் உருண்டு கிடக்கும் பாச்சை உருண்டை, எலி மருந்து, பூஜை அறையில் சிந்திய கற்பூரம், தலைமுடி ஊசி, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, மாடிப்படி. பூந்தொட்டியில் அரளி இருந்தால் மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் குட்டி வளரும்வரை கழற்றி வையுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரை சிறிய இனங்களுக்கு ஆகாது. முழங்கால் சில்லு விலகும் குறை இவற்றில் அதிகம். வழுக்குவதும் சோபாவிலிருந்து குதிப்பதும் கால்களை மேலும் கெடுக்கும். குட்டி நடமாடும் இடத்தில் சாதாரணக் கோரைப்பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள். மெல்லிய பத்தமடைப் பாயைப் பத்திரமாகச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள், ஓரத்திலிருந்து கோரை கோரையாக உருவிவிடும்.

உணவில்தான் வீட்டுப் பெரியவர்களோடு பேச்சு வார்த்தை வரும். “பால் குடிக்காமல் குட்டி எப்படி வளரும்?” என்று எங்கள் ஆச்சி மனம் நொந்து கேட்டார். கல்லிடைக்குறிச்சியில் அவர் வளர்த்த நாய்கள் பாலும் சோறும் தின்று வளர்ந்தவைதான். ஆனால் பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது. கழிச்சல் வரும், அது சின்ன உடம்பில் நீரை வற்றவைத்துவிடும். ஆச்சியிடம் காலை வேளை உணவூட்டும் பொறுப்பைக் கொடுத்தோம்; குட்டித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து அவரே மசித்துக் கொடுப்பார். அதன் பிறகு பால் பேச்சு எழவில்லை. முதல் வாரம் விற்றவர் கொடுத்துவந்த உணவையே கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே சொதியும் சாம்பார் சோறும் வேண்டாம். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெய் வழியும் அல்வா, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு, எதுவும் கூடாது. வருகிற விருந்தினரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அன்பினால் ஊட்டுகிறவர்களே அதிகம்.

சைவ வீடு என்றால் இதை வாங்குவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். தயிர்சாதம் மட்டும் தின்று குட்டி சரியாக வளராது. புரதமும் கால்சியமும் அளவோடு வேண்டும். கடைத் தீவனத்தில் பெரும்பாலும் கோழி இருக்கும். அது அடுக்களைக்குள் வரக் கூடாதென்றால் பால்கனியில் தனிக் கிண்ணம், தனி டப்பா வைத்துக்கொள்ளலாம். முட்டை வரை சம்மதம் என்கிற வீடுகளும் உண்டு. முற்றிலும் சைவம்தான் என்றால் மருத்துவரைக் கேட்டு, அதற்கென்று கணக்கிட்டுத் தயாரித்த தீவனத்தைத் தேடுங்கள். குட்டி வந்த பிறகு இதற்காக வீட்டில் மனத்தாங்கல் வந்தால், அதன் சாப்பாட்டு நேரம்தான் தவறும்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்பிட்ஸ், பொமரேனியன் முடியைக் கோடையில் மழிக்காதீர்கள். அவற்றின் இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதே இல்லை. சீவி, உதிர்ந்த முடியை எடுத்துவிட்டால் போதும். ஷிட்சுவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும், அதைக் கத்தரிக்கலாம். ஆனால் ஷிட்சுவுக்கும் பக் என்ற இனத்துக்கும் மூக்கு குட்டை. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. குட்டை மூக்கால் அது சரிவர முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை பகலில் மின்விசிறி ஓடும் நிழலான அறை அதற்கு வேண்டும். மின்தடை நேரத்துக்கு ஈரத்துணி, தண்ணீர். உலாவுவது விடியற்காலையில். உங்கள் வீடு வெக்கை மிகுந்தது என்றால் ஷிட்சுவை விட ஸ்பிட்ஸைத்தான் நான் சொல்வேன். உண்ணி நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு, உண்ணிக் காய்ச்சலும் உண்டு. காது மடல், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள். குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தை மருத்துவரே சொல்லட்டும்.

இரவில் வராந்தாவில் விட வேண்டாம். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள், கையை நீட்டித் தொட்டால் அடங்கிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் செய்தித்தாள் விரித்த இடத்துக்குத் தூக்கிப்போய் விடுங்கள். அந்த இடத்தில் சிறுநீரோ மலமோ கழித்தால் கொஞ்சுங்கள். தவறினால் துடைத்துவிடுங்கள். அடித்தால் ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும். மகளிடமும் ஒன்று: நின்றபடி தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து மடியில்தான் ஏந்த வேண்டும். கையிலிருந்து விழுந்தாலே இவற்றின் கால் எலும்பு முறியும். விளையாட்டில் பல் பட்டு இரத்தம் வந்தால், குட்டிதானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மகளை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பொருள்களுக்கு வருகிறேன். கனமான இரண்டு கிண்ணம், மென்மையான சீப்பு, நகவெட்டி, கடித்து மெல்வதற்கு ரப்பர் பொம்மை, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பில் மாட்டும் ஹார்னஸ். சிறிய இனங்களின் மூச்சுக்குழாய் மெலிந்தது, கழுத்தில் இழுத்தால் நெரியும். ஆடம்பரப் படுக்கை வேண்டாம், பழைய பருத்திப் புடவையே போதும். ஒரே ஒரு பொருளை மட்டும் தவறாமல் வாங்குங்கள்: சமையலறையில் வைக்கும் சிறிய எடைக்கருவி. தினமும் காலையில் உணவுக்கு முன் குட்டியை எடை போட்டு, காலண்டரில் எழுதி வாருங்கள். வளரும் குட்டியின் எடை கொஞ்சமாவது ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் உணவைக் கவனியுங்கள். இறங்கியிருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.