இரண்டு திடல், எண்பது மரம்: கள ஆய்வை ஆய்விதழில் வெளியிடுவது எப்படி?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில், அயல்தாவரங்கள் அகற்றப்பட்ட ஒரு திடலிலும் அதையடுத்துக் களையெடுக்கப்படாத ஒரு திடலிலும், தலா 40 நாட்டு மரங்களின் காய்ப்பை முதுநிலை ஆய்வுக்காகக் கணக்கிட்டேன். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் அயல்தாவரமான சீனக் கொய்யாச் செடிகள் எத்தனை நிற்கின்றன என்றும் குறித்துவைத்தேன். கட்டுரையை ஓர் ஆய்விதழ் 'உள்ளூருக்கு மட்டுமே பொருந்தும்' என்று திருப்பிவிட்டது. இன்னொன்று 'போலி மறுசெய்கை' என்று நிராகரித்தது. பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. நான் என்ன செய்யலாம்?"

இரண்டாவது நிராகரிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கட்டுரையின் கதி அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரே திடலில் எடுத்த பல அளவீடுகளைத் தனித்தனிச் சோதனைகள்போல் எண்ணிவிடுவதே 'போலி மறுசெய்கை'. களையெடுப்பு காய்ப்பைக் கூட்டுகிறதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் களையெடுப்பு நடந்தது மரம் மரமாக அன்று, திடல் முழுவதற்கும் ஒருசேர நடந்தது. ஆகவே நாற்பது மரங்களை எண்ணினாலும் நானூறு மரங்களை எண்ணினாலும், அந்தக் கேள்விக்கு உங்களிடம் இருப்பது ஒரு திடலுக்கு ஒரு திடல் என்ற ஒப்பீடு மட்டுமே. ஒன்றில் மண் ஆழமாக இருந்திருக்கலாம். மற்றொன்றில் குரங்குகள் கூடுதலாக வந்து பிஞ்சுகளைப் பறித்துப் போட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் களையெடுப்பின் விளைவிலிருந்து பிரித்துக் காட்ட வழியில்லை. இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. ஸ்டுவர்ட் ஹர்ல்பெர்ட் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் பரிசீலித்த சூழலியல் சோதனைகளுள் புள்ளியியல் முறையில் முடிவு கண்டவற்றில் 48 விழுக்காட்டில் இக்குறையைக் கண்டார்.

குறையை மறைத்து வேறோர் இதழுக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றக்கூடும். அதற்கு நம் தீவின் தாம்பலாக்கோக் மரத்தின் வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. டோடோ பறவை அழிந்ததால் அம்மரத்தின் விதைகள் முளைப்பது நின்றுவிட்டது என்றும், முந்நூறு ஆண்டுகளைக் கடந்த 13 மரங்களே எஞ்சியுள்ளன என்றும் ஸ்டான்லி டெம்பிள் 1977இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு அவர் 17 விதைகளை ஊட்டியதில் 10 உடையாமல் வெளிவந்தன. அவற்றில் 3 முளைத்தன. ஆனால் பறவையின் வயிற்றுக்குள் போகாத விதைகளை ஒப்பீட்டுக்காக அவர் அருகில் விதைக்கவில்லை. மொரீஷியஸ் வனத்துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஏ. டபிள்யூ. ஒவாடல்லி 1979இல் அதே இதழில் மறுப்பு எழுதி, இளைய மரங்கள் இருப்பதையும், விதைகள் தாமாகவே முளைப்பதையும் எடுத்துக்காட்டினார். 1991இல் விட்மர், சீக் இருவரும் 'ஓய்கோஸ்' இதழில் மேலும் விரிவாக மறுத்தார்கள். ஆயினும் அந்தக் கதை நெடுங்காலம் பலராலும் திரும்பச் சொல்லப்பட்டது. வலுவற்ற முடிவொன்று பெரிய இதழில் ஏறிவிட்டால், அதை இறக்குவதற்குப் பிறர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் தரவு வீணாகிவிட்டதா என்றால், இல்லை. நீங்கள் குறித்துவைத்த கொய்யா எண்ணிக்கைதான் இப்போது கைகொடுக்கும். களையெடுக்கப்படாத திடலின் 40 மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கொய்யா அடர்ந்து சூழ்ந்த மரங்களில் காய்ப்புக் குறைகிறதா என்று பாருங்கள். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மரமும் தனி அலகாகக் கொள்ளத்தக்கது. அருகருகே நிற்கும் மரங்கள் ஒன்றுபோல் காய்க்கக்கூடும் என்பதால், மரங்களுக்கு இடையிலான தொலைவையும் பகுப்பாய்வில் சேர்த்தாக வேண்டும். தரவைத் திரட்டிய பின்னரே இக்கேள்வியைத் தேர்ந்தீர்கள் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள். இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பாய்வாளர்கள் தண்டிப்பது பெரும்பாலும் இத்தகைய ஒப்புதலை அன்று, அதன் இன்மையைத்தான். திடல்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சராசரிகளாகத் தரலாம். காரணம் கற்பிக்க வேண்டாம்.

இன்னொரு பருவம் களத்துக்குப் போக முடியுமானால், தேசியப் பூங்கா சேவையின் அனுமதி பெற்று பிரிஸ் ஃபேர், மார் லோங், பெத்ரேன் போன்ற பிற களையெடுப்புத் திடல்களையும், ஒவ்வொன்றுக்கும் இணையாக அதையடுத்துக் களையெடுக்கப்படாத ஒரு திடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திடலுக்கு எட்டு மரம் போதும். இப்படி ஐந்து இணைகளில், திடலுக்கு எட்டெட்டு மரங்கள் தரும் விடை, ஓரிணையில் நாற்பது நாற்பதாக எண்ணியதைவிடப் பன்மடங்கு உறுதியானது.

'உள்ளூருக்கு மட்டும்' என்ற குறை பெரும்பாலும் முன்னுரையில் தோன்றுவது. முதல் பத்தி மொரீஷியஸில் தொடங்காமல், அயல்தாவரங்களை அகற்றினால் மகரந்தச் சேர்க்கையும் காய்ப்பும் மீளுமா என்ற பொதுக் கேள்வியில் தொடங்கட்டும். சேஷெல்ஸின் மாஹே தீவில் எட்டுப் பாறைக்குன்றுகளில் நான்கில் மட்டும் அயல்செடிகளை அகற்றி ஒப்பிட்ட ஆய்வு 2017இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தீவு சிறிதென்பது அங்கே தடையாகவில்லை. குன்றுகள் நான்குக்கு நான்காக இருந்ததும், கேள்வி எல்லோருக்கும் உரியதாக இருந்ததும் அதற்கு உதவின.

எந்த இதழ் என்றால், 'கன்சர்வேஷன் எவிடென்ஸ்' முதலில் நினைவுக்கு வருகிறது. இயற்கையைக் காக்கச் செய்த ஒரு நடவடிக்கை பலித்ததா, பலிக்கவில்லையா என்பதைச் சுருக்கமாகப் பதிவு செய்ய உருவான இதழ் அது, எழுதுவோரிடம் கட்டணம் கேட்பதில்லை. எனவே களையெடுப்பு ஒப்பீட்டை விரிவாக்கிய பின் அங்கே அனுப்பலாம். கொய்யா அடர்த்திக் கட்டுரைக்கு 'ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் எக்காலஜி' பொருந்தும். கட்டுரையாசிரியர் பெயரை மதிப்பாய்வாளரிடமிருந்து மறைக்கும் இதழ் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை தாருங்கள். பெயர் தெரியும்போது செல்வ நாட்டுக் கட்டுரையாசிரியர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதை 'ஃபங்ஷனல் எக்காலஜி' தன்னிடம் வந்த கட்டுரைகளை வைத்தே சோதித்து 2023இல் வெளியிட்டது.

அந்தப் பத்து நாள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே வேண்டாம். தகுந்த மதிப்பாய்வாளர்களைத் தேடிப் பிடிப்பதற்கே வாரங்கள் ஆகும். ஐயம் தீராவிட்டால், இதழின் பெயர் திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு நேரடியாக எழுதி, அவர் உண்மையிலேயே அதில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கட்டுரையை அனுப்பும்போதே தரவை, ஆய்வுத் தரவுகளுக்கான இணையக் களஞ்சியமான 'செனோடோ'வில் கட்டணமின்றி வைத்துவிடலாம். அருகிவரும் மரங்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும், அவற்றின் துல்லியமான இட அளவைகளை நீக்கி, திடலின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.