காலிக் கூட்டின் கணக்கு

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக 2 வருடம் ஹூஸ்டன் போகிறேன். பெரியப்பா மகன் அங்கேதான் இருக்கிறார். துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவார்; சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பி வீட்டிலேயே தோட்டா தயாரிப்பார். தேசிய சேவைக்குப் பிறகு நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, குறிபார்த்துச் சுடும் ஆசை மட்டும் போகவில்லை. “.22 சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, .223 எடு, ரீலோடிங் செய்தால் காசும் மிச்சம்” என்கிறார் அண்ணன். (எண் என்பது குண்டின் குறுக்களவாம், அங்குலத்தில்; .223 தோட்டாவில் மருந்து அதிகமாம்.) எதை எடுக்கலாம்?

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

போன வாரம் என் மகன் தேசிய சேவையில் முதல்முறை சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். எத்தனை பட்டது என்று நான் கேட்கவில்லை. “கூடெல்லாம் கணக்கு சரியாக இருந்ததா?” என்றேன். ஒரு மாதிரி பார்த்தான். அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சட்டத்தை முதலில் பாருங்கள். வேலை விசாவில் போகிறவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் போல சில விலக்குகள் உண்டு. போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

‘சின்னப் பிள்ளைகள் விளையாட்டு’ என்று படித்ததும் கோபம் வந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜாஸ்மின் சேர் நமக்குத் தங்கம் வாங்கித் தந்தது 50 மீட்டரில், .22 ரைஃபிளில். 2018இல் கோல்ட் கோஸ்டில் மார்டினா வெலோசோ வாங்கிய 2 தங்கத்தில் ஒன்றும் .22தான். இன்னொன்று அதைவிடச் சின்னது, 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி. 10 மீட்டர் தள்ளி நின்று அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க வேண்டும். பேனா முனையைத் தாளில் வைத்து எடுத்தால் விழுமே, அந்த அளவு. தவிர, .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகும், ஆளையும் கொல்லும். விளையாட்டு என்று நினைப்பவர் கையில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது. நான் சொன்னதாகவே அண்ணனிடம் சொல்லுங்கள்.

.22 எடுங்கள். அதில் ரீலோடிங் கிடையாது. தீப்பற்ற வைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கும். நசுங்கிய கூடு அதோடு சரி. .223இல் அந்த மருந்து அடியின் நடுவில் தனியாக ஒரு சின்னச் சிமிழில் இருக்கிறது; பிரைமர் என்பார்கள், அதை மாற்றலாம். காசு மிச்சம் என்ற பேச்சை விடுங்கள். மிச்சம் பிடித்த காசுக்கும் சேர்த்துச் சுடுவார்கள்.

எனக்கு அப்போது 19 வயது. எம்16. சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, தோட்டாவோ காலிக் கூடோ என்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் ஒரு கூடு குறைகிறது. மழை விட்ட மாலை. லாலாங் புல்லில் 40 பேர் முழங்காலிட்டு, உள்ளங்கையால் ஈரமண்ணைத் தடவித் தடவி நகர்ந்தோம். இருட்டியதும் டார்ச். சாப்பாடு வந்து ஆறிப்போனது. ஒன்பது மணிக்கு மேல் நான் ஒதுங்கப்போய் இடுப்புப் பட்டையைத் தளர்த்தியபோது, சட்டைக்குள்ளிருந்து எதுவோ பூட்ஸ் மேல் விழுந்தது. பித்தளை. இடப்பக்கம் படுத்திருந்தவனின் துப்பாக்கியிலிருந்து பறந்து என் காலருக்குள் இறங்கியிருக்கிறது. சுரீரென்றபோது செவ்வெறும்பு என்று நினைத்து அசையாமல் கிடந்தேன். சார்ஜென்ட் திட்டவில்லை. கூட்டை வாங்கி விளக்கில் பார்த்து, பெட்டியில் போட்டு, “சரி” என்றார். சேறு அப்பிய அந்த 40 பேரின் முழங்கால்களைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தொட்டுப் பார்க்காமலே இல்லை என்று சொன்னவன் நான். இடுப்பில் தழும்பு இன்னும் இருக்கிறது, ஒரு அரிசி அளவுக்கு.

ரீலோடிங் என்றால் தினமும் அந்த வேலைதான் தம்பி. ஒவ்வொரு கூட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: கழுத்தில் விரிசல் இருக்கிறதா, அடிக்குச் சற்று மேலே வளையமாகப் பளபளக்கிறதா. வளையம் தெரிந்தால் அங்கேதான் பிய்யும், எறிந்துவிடுங்கள். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் ஆசாரிகள் பொன் நிறுத்த குன்றிமணியில் கிட்டத்தட்டப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்க வேண்டும். மருந்து கூடினாலோ மாறினாலோ துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடிக்கலாம். மருந்தே விழாத கூடும் ஆபத்துதான்: பிரைமர் மட்டும் குண்டைக் குழாய்க்குள் பாதி வழி தள்ளிவிடும், அடுத்த குண்டு அதில் போய் மோதும். ஆகவே குண்டைப் பொருத்துமுன் 50 கூடு என்றால் 50க்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். 49 போதாது. அண்ணன் இதைக் கைப்பேசி பார்த்துக்கொண்டே செய்கிறவர் என்றால், அவர் நிரப்பிய தோட்டாவைத் தொடாதீர்கள்.

முதல் ஆறு மாதம் .22 மட்டும். அப்புறம் எழுதுங்கள், .223 பற்றிப் பேசுவோம்.

திரும்பும்போது ஞாபகத்துக்கு என்று ஒரு காலிக் கூட்டைக்கூட எடுத்து வராதீர்கள், சாங்கி விமான நிலையத்தில் பெரிய சிக்கலாகிவிடும். கிளம்புவதற்கு முந்தின இரவு பை, ஜாக்கெட், காலணி எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். சட்டைக் காலரையும்.