ஏழாயிரம் அடியில் அடுப்படி: கேட்டவர்களுக்குச் சொன்னவை

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையை 27 வருடம் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது ஓய்வு. இன்று சாயங்காலம் நாலு மணியிலிருந்து அடுப்படி பற்றி எது கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். வைத்தியம் மட்டும் கேட்காதீர்கள். கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே சொன்ன பதில்களை ஒருமுறை படித்துவிடுங்கள். (யாரும் படிக்கப்போவதில்லை. சொல்லி வைக்கிறேன்.)

நாயுடுபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்: அக்கா, மதுரையில் மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு இங்கே முழுசு முழுசாக நிற்கிறது. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டாரா?

கடைக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். வத்தலக்குண்டில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். அங்கிருந்து மலையேறி இங்கே வந்தால் 93லேயே கொதித்துவிடும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. தளதளவென்று கொதிக்கிறதே, பருப்பு வேகவில்லையே என்று தீயைக் கூட்டுவோம். எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் 93ஐத் தாண்டாது. தண்ணீர் வற்றும், காஸ் தீரும், அவ்வளவுதான்.

சரி, குக்கர் இருக்கிறதே என்பீர்கள். குக்கர் வெயிட் எழும்புவது, வெளிக்காற்றைவிட உள்ளே குறிப்பிட்ட அளவு அழுத்தம் கூடும்போது. வெளிக்காற்றே இங்கே இளைத்துப் போயிருப்பதால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் குறைவுதான். கீழே 120 டிகிரி வரை போகும் குக்கர் இங்கே 116 அளவில் விசில் அடித்துவிடும். விசில் அடித்தால் வெந்துவிட்டது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதனால் விசிலை எண்ணுவதை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, கீழே எத்தனை நிமிடம் வைத்தீர்களோ அதற்கு மேல் கால் பங்கு கூட்டி வையுங்கள். பத்து நிமிடம் என்றால் பன்னிரண்டரை. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். அந்தச் சூட்டிலும் பருப்பு வேகிறது. புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகுதான். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். உப்பின் மேலும் அதே பழி உண்டு. பாவம், உப்பு ஒன்றும் செய்வதில்லை.

இவ்வளவும் செய்து வேகவில்லை என்றால், அப்போது கடைக்காரரிடம் போங்கள்.

கல்லூரி விடுதியில் இருக்கும் தம்பி: முட்டை எவ்வளவு நேரம் வேகவைக்கணும்?

கீழே பத்து நிமிடம் என்றால் இங்கே பன்னிரண்டு, பதிமூன்று. 93 டிகிரிக் கதைதான், மேலே படி.

அட்டுவம்பட்டி அக்கா: ராஜ்மாவைக் குக்கர் இல்லாமல் சட்டியில் வேகவைக்கலாமா?

வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில்தான். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். அதிலுள்ள நச்சு நல்ல கொதியில்தான் அழியும், நம் கொதியோ 93.

தாண்டிக்குடித் தோட்டத்து வீட்டிலிருந்து: அம்மா, எல்லாமே குறை என்கிறீர்கள். இந்த 93ஆல் ஒரு நன்மையும் இல்லையா?

காபி! இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். காபித்தூளுக்குத் தோதான தண்ணீர் 90லிருந்து 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் கொதிக்கவைத்து இறக்கி, சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும். நமக்குக் கொதித்த தண்ணீரை அப்படியே பில்டரில் ஊற்றினால் போதும். ஒரே ஒரு வேலை: பில்டரை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பித்தளையில் ஊற்றினால் அந்த 93ம் போச்சு. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தையே ஊரில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே.

குன்னூரிலிருந்து: டீ பற்றி?

அதை நான் உங்களிடம் கேட்க வேண்டும்.

மன்னவனூர் மருமகள்: அக்கா, இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்கவில்லை. என் மாமியார் கரைத்தால் பொங்குகிறது. கைராசி என்கிறார்கள். எனக்கு ராசி இல்லையா?

உன் கையில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் உளுந்தோடேயே வருகிறது. அதற்கு 28லிருந்து 32 டிகிரி சூடு இருந்தால் உற்சாகம். உங்கள் ஊரில் மார்கழி ராத்திரிக்கு அந்தச் சூட்டை யார் கொடுப்பது?

என் முறை இது. நாலுக்கு ஒன்று அரிசி உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை. அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரையே தெளி. கீழே கிரைண்டர் சூடாகிறது என்று ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், அது நமக்கான புத்திமதி இல்லை. பழைய புளித்த மாவு ஒரு கரண்டி சேர். ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தையும், வெந்நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் வைத்து மூடு. படுக்கப்போகும் முன் வெந்நீரை மாற்று. 14 மணி நேரத்தில் பொங்கும். உப்பை நான் பொங்கிய பிறகுதான் போடுவேன். இட்லியை அவிக்கும்போதும் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வை.

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு பாட்டி: மகளே, எழுபது வருஷமாக மாவு கரைக்கிறேன். கரண்டியால் கரைத்த மாவு பொங்கி நான் பார்த்ததில்லை. கைச்சூடு வேண்டும். படித்தவர்கள் எதையாவது சொல்லிவிட்டுப் போவீர்கள்.

பெரியம்மா, உங்களோடு வழக்காடும் வயசு எனக்கில்லை. ஆனாலும் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். விடுதியில் ஒரே கிரைண்டர் மாவை இரண்டு அண்டாவில் பிரித்தோம். ஒன்றைச் சமையல்கார அம்மா கையால் கரைத்தார். இன்னொன்றை நான் மரக்கரண்டியால். இரண்டையும் வெந்நீர் பாய்லர் பக்கத்தில் வைத்தோம். காலையில் இரண்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. அடுத்த வாரம் அதேபோல் கரைத்து இரண்டையும் சாமான் அறையில் வைத்தோம். இரண்டும் தூங்கின. கை தோற்கவில்லை, கரண்டி ஜெயிக்கவில்லை. பாய்லர்தான் ஜெயித்தது.

மன்னவனூர் மருமகள்: அப்படியானால் மாமியாருக்கு மட்டும் எப்படிப் பொங்குகிறது?

நீ எங்கே வைக்கிறாய், அவர் எங்கே வைக்கிறார்?

மன்னவனூர் மருமகள்: நான் மேடையில், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில். அவர்கள் பின்கட்டில் விறகடுப்புத் திண்ணையில் வைப்பார்கள்.

பார்த்தாயா! விறகடுப்பு அணைந்த பிறகும் அந்த மண்ணும் கல்லும் விடிய விடியச் சூட்டை வைத்திருக்கும். காஸ் அடுப்பு அணைத்த பத்தாவது நிமிடம் சில்லிட்டுவிடும். மலை வீடுகளில் காஸ் வந்த பிறகு மாவு பொங்காமல் போனதற்கு எத்தனை மருமகள்கள் கைராசியில்லாதவர்கள் என்று பேர் வாங்கினார்களோ!

பண்ணைக்காட்டுப் பாட்டி: திண்ணையில் எல்லோரும்தான் வைத்தோம். என் ஓரகத்தி கரைத்தால் பொங்காது.

நாயுடுபுரத்திலிருந்து ஒருவர்: பாட்டி சொல்வது சரி. கையில் இருக்கும் கிருமியால்தான் மாவு புளிக்கிறது என்று நானும் படித்திருக்கிறேன்.

கையிலிருந்தும் சில போகலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையே படாமல் கரண்டியால் கரைத்ததும் பொங்கியதே. கை ஒரு வேலையை நன்றாகச் செய்யும்: அடியில் தங்கிய அரிசிமாவையும் மேலே மிதக்கும் உளுந்து மாவையும் ஒன்றாக்கும், கொஞ்சம் காற்றையும் ஏற்றும். உங்கள் ஓரகத்தி அவசரமாகக் கரைத்தாரோ, உளுந்தைக் குறைத்தாரோ, திண்ணையின் குளிர்ந்த ஓரம்தான் அவருக்குக் கிடைத்ததோ, பெரியம்மா?

பண்ணைக்காட்டுப் பாட்டி: ஓரம்தான் கிடைக்கும். மூத்தவள் நான்.

எனக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பள்ளத்திலிருந்து: இட்லி மாவு பொங்க என்ன செய்யலாம்?

மேலே.

பாம்பார்புரத்திலிருந்து: மாவுப் பாத்திரத்தைக் குமுட்டி அடுப்பில் கரி போட்டு அது பக்கத்தில் வைக்கலாமா? ராத்திரி படுக்கையறையில் எப்படியும் குமுட்டி வைக்கிறோம்.

மாவை விடுங்கள். படுக்கையறையில் குமுட்டி வைக்கிறீர்களா? கதவு ஜன்னல் மூடியா?

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண்ணையும் கரிக்காது. புகை இல்லாத கனிந்த கரிதானே என்று நம்பி உள்ளே கொண்டு வருவார்கள், கனிந்த கரியிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். லேசான தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. இந்த மலையில் அறைக்குள் கரி வைத்துத் தூங்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். குமுட்டி முற்றத்தில், வாசலில். கம்பளியும் வெந்நீர்ப் பையும் அறைக்குள்.

பூம்பாறைப் பூண்டு விவசாயி: எங்கள் மலைப்பூண்டை வாங்கிப் போகிறவர்கள் ஒரு மாதத்தில் முளைவிட்டது என்று குறை சொல்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள்.

சொல்கிறேன் அண்ணா. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரை நம்பி வாங்கிப் போய் நேராகப் பிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். அந்தக் குளிர்தான் பூண்டை முளைக்கச் சொல்லும். உங்கள் வீடுகளில் எப்படி வைக்கிறீர்கள்? தண்டோடு கட்டாகக் கட்டி, புகை படும் இடத்தில் காற்றாடத் தொங்கவிடுகிறீர்கள். புகை போட முடியாதவர்கள் வலைப்பையில் போட்டு, வெயில் படாத, காற்று வரும் இடத்தில் தொங்கவிட்டால் போதும். பாலித்தீன் பை கூடாது.

இன்னொன்று. உரித்த பூண்டை நல்லெண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. செய்யாதீர்கள். எண்ணெய்க்குள் காற்றுப் புகாது, அப்படிப்பட்ட இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரும். மணமும் மாறாது, ருசியும் மாறாது. போட்டே ஆக வேண்டும் என்றால் பிரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். நல்ல புளிப்பும் உப்பும் சேர்ந்த ஊறுகாய் வேறு கதை.

வில்பட்டியிலிருந்து: அதே பூண்டைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிட்டால் இரத்தக்கொதிப்பு...

டாக்டர்.

நாயுடுபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்: பருப்பு வெந்துவிட்டது அக்கா! இன்னொன்று, காஸ் சிலிண்டர் பாதியிலேயே தீ மங்குகிறது.

சந்தோஷம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. குளிரில் மெதுவாக ஆவியாகும், நீங்கள் இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்தால் ஈடுகொடுக்காது. ஒரு பர்னரை அணைத்துவிட்டுச் சமையுங்கள். சில்லென்ற சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் ஒரு மரப்பலகை மேல் நிறுத்துங்கள். வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது, படுக்கவைத்து உருட்டுவது, பக்கத்தில் குமுட்டி வைப்பது, மூன்றும் ஆபத்து. படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்கு வந்துவிடும்.

பேக்கரி தொடங்க நினைக்கும் தம்பி: கேக் அழகாக எழும்பி, நடுவில் குழி விழுகிறது.

காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு வேகமாக உப்புகிறது, வெந்து இறுகும் முன்பே சரிந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரில் கால் பங்கு குறை, சர்க்கரையைக் கொஞ்சம் குறை, பாலை இரண்டு ஸ்பூன் கூட்டு. விற்பதற்கு முன் பத்து கேக்காவது சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்.

ஊட்டியிலிருந்து: மேரக்காய் (சௌசௌ) நறுக்கினால் கை பிசுபிசுத்து மரத்துப் போகிறது.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். எண்ணெய் உறைந்து வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும்: அகலவாய் பாட்டிலுக்கு மாற்றுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும், கலப்படம் இல்லை.

ஊத்திலிருந்து: இட்லி மாவில் சோடா உப்பு போட்டால்...

பொங்கியது போல இருக்கும், புளித்திருக்காது. மேலே பண்ணைக்காட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

சென்னையிலிருந்து: எங்கள் மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது, என்ன செய்வது?

எங்களுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்.

லீவுக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்: மன்னிக்கவும், சமையல் கேள்வி இல்லை. நீங்கள் குமுட்டி பற்றி எழுதியதைப் பார்த்தேன். நாங்கள் சாயங்காலம் கோழி சுட்ட தட்டில் கரி இன்னும் கனிகிறது. குளிருக்கு என்று அறைக்குள் எடுத்து வந்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

இப்போதே வெளியே வையுங்கள். ஜன்னலைத் திறங்கள். பிள்ளைகளை எழுப்பி வெளிக்காற்றுக்குக் கூட்டிவாருங்கள், அழுதால் அழட்டும். யாருக்காவது தலைவலியோ வாந்தியோ இருந்தால் உடனே 108. எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

...

எழுதுங்கள் தம்பி.

லாட்ஜில் தங்கியிருப்பவர்: வைத்துவிட்டோம் அக்கா. எல்லோரும் வராந்தாவில்தான் இருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. சின்னவள்தான் பசிக்கிறது என்கிறாள்.

அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிளாஸ்க்கில் பால் இருந்தால் கொடுங்கள்.