“வாட்ச்மேன் வேலைக்கா படிக்கவைத்தோம்?” என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த உங்கள் மகளுக்கு, சரக்குக் கிடங்குகளில் கண்காணிப்புக் கேமரா அமைத்துப் பராமரிக்கும் நிறுவனத்தில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. “மூன்று வருஷம் படிக்கவைத்தது வாட்ச்மேன் வேலைக்கா?” என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் நிற்கும் காவலரின் வேலையும் லேசானதல்ல அம்மா. ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது அது இல்லை. சேரலாமா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன் அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கிடங்கு என்பது ஒரே வாசல் வைத்த வீடு மாதிரி இல்லை. லாரி பின்புறமாக வந்து ஒட்டி நிற்கும் டாக் கதவுகள் மட்டுமே வரிசையாக இருபது முப்பது இருக்கும். டிரைவர், லோடு இறக்குபவர், ஒப்பந்தத் தொழிலாளி, மிஷின் ரிப்பேருக்கு வந்தவர் என்று இரவும் பகலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் எந்தக் கதவு வரை போகலாம் என்று பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. கேமரா எங்கே வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

அனுமதி இல்லாதவர் சுவரேறிக் குதித்துத்தான் வருவார் என்றில்லை. ஒரு தொழிலாளி கார்டைக் காட்டிக் கதவைத் திறக்கிறார். பின்னால் இரண்டு கையிலும் அட்டைப்பெட்டியைச் சுமந்தபடி இன்னொருவர் வருகிறார். பாவம், கை நிறையச் சுமை என்று முதல் ஆள் கதவைப் பிடித்துக்கொள்கிறார். கார்டு மிஷினில் பதிவானது ஒரு ஆள், உள்ளே போனது இரண்டு பேர். டெயில்கேட்டிங் என்று இதைச் சொல்வார்கள். கதவின் பதிவையும் கேமராவின் எண்ணிக்கையையும் இணைத்துவைத்தால், கணக்கு இடித்த நொடியே கன்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். இணைக்காவிட்டால் சரக்கு காணாமல் போன மறுநாள் புட்டேஜைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த இணைப்பைச் செய்யத் தெரிந்தவராக உங்கள் மகள் ஆகலாம்.

இதில் கணக்கும் உண்டு. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள், கேட்கிறது. ஏற்கெனவே பார்த்துப் பழகியவரைக் கண்டுகொள்ள 125 போதும். சாதாரண ஃபுல் எச்டி கேமராவின் அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல்; அவ்வளவு அகலத்துக்குள்தான் ஆளை அடையாளம் சொல்ல முடியும். அதே கேமராவை லாரிகள் நிற்கும் முப்பது மீட்டர் அகல முற்றத்தைப் பார்க்கும்படி மாட்டினால் மீட்டருக்கு 64 பிக்சல்தான் மிஞ்சும். யாரோ நடந்து போவது தெரியும், யார் என்று தெரியாது. “கேமராதான் இருக்கிறதே” என்று நம்பியிருந்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் மகளிடம் இந்த வகுத்தலைச் சொல்லிப் பாருங்கள். கண்ணில் ஆர்வம் தெரிந்தால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவரும்.

கணக்கு சரியாக இருந்தாலும் வெளிச்சம் காலை வாரிவிடும். உச்சி வெயிலில் டாக் ஷட்டரைத் தூக்கியதும், உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு வருகிறவர் முகம் கரிய நிழலாகிவிடும். இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் சமாளிக்கும் டபிள்யூடிஆர் வசதி அங்கே வேண்டும். கேமராவின் கோணத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ராத்திரியில் இன்னொரு தொல்லை. கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், கண்ணாடி முன்னால் வலை ஆடும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். ஒரே ராத்திரியில் நாற்பது தடவை பொய்யாக அடித்தால் யாராக இருந்தாலும் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். ‘புலி வருது’ கதைதான். உண்மையில் ஆள் வரும்போது கேட்க ஆள் இருக்காது. பஞ்சுத்துணியோடு ஏணியில் ஏறுவதும் இந்த வேலையில் மரியாதையான பகுதி என்று நான் நினைப்பது அதனால்தான்.

முதல் வருஷம் பெரும்பாலும் ஏணி, கேபிள், அதன் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் என்றே போகும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அங்கேதான் கைப்பழக்கமாகும். நொடிக்கு நான்கு மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி எடுக்கும், ஐம்பது கேமராவுக்கு முப்பது நாள் என்றால் 65 டெராபைட் என்பதெல்லாம் தானாக மனக்கணக்கில் வரும். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமரா போன்ற கருவிகள்தான் 2016-இல் மிராய் என்ற தீம்பொருளுக்கு இரையாயின. ஆகவே நெட்வொர்க் பாடத்தை அவள் விடவே கூடாது. அதோடு வரைபடம் படிக்கவும், நடந்ததை நடந்தபடி அரைப்பக்கத்தில் எழுதவும் பழகட்டும்.

கை பழகியபின் கிடங்குக்கே திட்டம் வரைந்து கொடுக்கும் டிசைன் பக்கம் போகலாம், அல்லது தணிக்கைப் பக்கம் போகலாம். சரக்குப் பாதுகாப்புக்கென்றே இயங்கும் டாப்பா என்ற தொழில்துறைச் சங்கத்துக்கு, கிடங்குகளுக்கான எஃப்எஸ்ஆர் தரநிலை இருக்கிறது. அனுபவம் சேர்ந்ததும், பாதுகாப்புத் துறையினரின் சங்கமான ஏசிஸ் இன்டர்நேஷனல் நடத்தும் பிஎஸ்பி என்ற சான்றிதழ்த் தேர்வு எழுதலாம்.

ஒன்றை மட்டும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். கேமரா வெளியாளைத் தடுக்கத்தான். உடை மாற்றும் அறைப் பக்கம் திருப்பச் சொன்னாலும், யார் எத்தனை நிமிஷம் தண்ணீர் குடிக்கப் போனார் என்று எண்ணச் சொன்னாலும் கேள்வி கேட்கிற தைரியம் அவளுக்கு வேண்டும். அங்கே நடமாடுகிறவர்களின் மானமும் அவள் கையில்தான் இருக்கிறது.

எனக்கும் ஒரு கவலை உண்டு, மறைக்கவில்லை. பயிற்சி என்று எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க இருபது திரைகள் முன்னால் உட்காரவைத்துவிடும் இடங்களும் உண்டு. மணிக்கணக்கில் யாராலும் கவனம் சிதறாமல் பார்க்க முடியாது, இரண்டு வருஷம் கழித்துக் கையில் தொழிலும் இருக்காது. அதனால் சேர்வதற்கு முன் அவளையே கேட்கச் சொல்லுங்கள்: முதல் ஆறு மாதம் யாரோடு போய் வேலை பழக வேண்டும்? உயரத்தில் ஏறும்போது பாதுகாப்பு பெல்ட் தருவார்களா? இரவு ஷிப்ட் உண்டென்றால் வீடு திரும்ப வண்டி உண்டா? இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் போய்ப் பார்ப்பது யார்? அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.