'எத்திக்கல்' ஃபண்டுக்குள் ஆயுதக் கம்பெனி: சபைப் பணத்தை என்ன செய்வது?

கேள்வி: லண்டனில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பொருளாளர் நான். மறைந்த உறுப்பினர் ஒருவர் உயில் எழுதிவைத்த 1,20,000 பவுண்டை 'எத்திக்கல்' (அறநெறி பார்த்து முதலீடு செய்வது) என்று பெயர் போட்ட ஒரு ஃபண்டில் வைத்திருக்கிறோம். அதன் ஆண்டறிக்கையைப் புரட்டியபோது, போர் விமான எஞ்சினும் செய்யும் ரோல்ஸ்-ராய்ஸின் பங்கு இருப்பது தெரிந்தது. சபையில் பாதிப் பேர் வன்னியில் ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்கள். விற்றுவிடலாமா, பங்கை வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாமா? விற்று நஷ்டம் வந்தால் அறங்காவலர்கள் மாட்டிக்கொள்வோமா?

பதில்: சட்ட பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 1990-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ரிச்சர்ட் ஹாரிஸ், இங்கிலாந்து திருச்சபையின் சொத்தை நிர்வகிக்கும் சர்ச் கமிஷனர்கள் லாபத்துக்கு அளவுமீறி முக்கியத்துவம் தருகிறார்கள் என்று நீதிமன்றம் போனார், தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே இரண்டு விலக்குகள் இருந்தன: அறக்கட்டளையின் நோக்கத்துக்கே எதிரான தொழில், ஆதரவாளர்களை விலகிப்போகச் செய்யும் முதலீடு. 2022-இல், அறக்கட்டளை முதலீடு பற்றிய பட்லர்-ஸ்லாஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. லாபம் குறையலாம் என்றாலும், இரு பக்கத்தையும் நியாயமாக எடைபோட்டு எடுத்த முடிவு செல்லும். கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தது: வெறும் ஒழுக்க உணர்வை மட்டும் வைத்து முடிவெடுக்கும்போது ஜாக்கிரதை, ஆதரவாளர்களுக்குள்ளேயே வேறு நியாயமான கருத்துகள் இருக்கலாம்.

உங்களுக்கு இரண்டாவது விலக்கே போதும். போருக்குத் தப்பி வந்தவர்களின் காணிக்கையில் நடக்கும் சபை ஆயுதப் பங்கு வைத்திருந்தால் காணிக்கை குறையும் என்பது ஊகம் அல்ல. அதை மினிட்ஸில் எழுதுங்கள். சபையின் விதிமுறையில் உள்ள நோக்கம், உறுப்பினர்கள் சொன்னது, மாற்றினால் வருமானம் எவ்வளவு குறையலாம் என்ற ஆலோசகரின் எழுத்து மூலக் கருத்து, மூன்றும் ஒரே தீர்மானத்தில் இருக்கட்டும். உக்ரைனைச் சொல்லி 'தற்காப்புக்கு ஆயுதம் வேண்டாமா?' என்று யாராவது கேட்டால் அதையும் பதிவு செய்யுங்கள். எதிர்க்கருத்தைக் கேட்டதற்கான சாட்சி அது, உங்களைக் காப்பாற்றும்.

இனி 'எத்திக்கல்' என்ற பெயர். எவ்வளவு ஆயுத வருமானம் இருந்தால் அந்தப் பெயர் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லாம் ஃபண்டின் சொந்த விலக்குக் கொள்கையில் இருக்கிறது. பெரும்பாலும் 'சர்ச்சைக்குரிய ஆயுதங்கள்' என்றுதான் இருக்கும். அது கண்ணிவெடி, கொத்துக்குண்டு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களோடு நின்றுவிடும். போர் விமானமும் ஏவுகணையும் அதில் அடங்கா. இங்கிலாந்து திருச்சபையின் கோடு வேறு: கொன்று குவிக்கும்போது ஆள் பார்க்காத ஆயுதங்களில் துளி சம்பந்தமும் கூடாது, மற்ற ராணுவ விற்பனை வருவாயில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரோல்ஸ்-ராய்ஸ் டைஃபூன் போர் விமான எஞ்சின் தயாரிப்பில் பங்காளி. டிரைடென்ட் அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகளுக்கு அணு உலை செய்து தருவதும் அதே கம்பெனிதான். ஒரு ஃபண்ட் மேனேஜர் அதைக் 'கப்பல் ஓட்டும் சாதனம்' என்பார், இன்னொருவர் 'அணு ஆயுதத்தின் பாகம்' என்பார். எனவே சதவீதத்தை மட்டும் கேட்டால் போதாது. எதை எதை ஆயுதக் கணக்கில் சேர்க்கிறார்கள், உதிரிபாகம் சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

வரையறையில் ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிபியு-105 என்ற குண்டு நல்ல உதாரணம். அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரான் செய்த இந்தக் குண்டில் 10 குப்பிகள், ஒவ்வொன்றிலும் 4 வெடித்தட்டுகள், ஆக 40. குறி தவறினால் தானே செயலிழந்துவிடும் என்று கம்பெனி வாதாடியது. 2008-இல் ஏற்கப்பட்ட, கொத்துக்குண்டைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தின் விதிவிலக்கோ, உள்ளே பத்துக்கும் குறைவான சிறு குண்டுகள், ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கு மேல், இருப்பவற்றுக்குத்தான்; 40 இருந்தால் அடங்காது. சவூதி கூட்டணி போரிட்ட ஏமனில் வெடிக்காத தட்டுகளும் கிடைத்தன. முதலீட்டாளர்கள் விலகிக்கொண்டிருந்த வேளையில், 2016-இல் சவூதிக்கு விற்பதை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதே ஆண்டு டெக்ஸ்ட்ரான் உற்பத்தியைக் கைவிட்டது. பங்கை விற்றதால் மட்டும் நடந்ததல்ல இது, சட்டமும் அரசும் சேர்ந்தன.

வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது உங்கள் நிலையில் நடக்காது என்பதே என் கருத்து. பொது ஃபண்டில் ரோல்ஸ்-ராய்ஸின் பங்குதாரர் நீங்கள் அல்ல, ஃபண்டுதான், வாக்கும் அதனுடையதே. கேட்டே தீருவதென்றால் யாராவது ஓர் உறுப்பினர் தன் சொந்தப் பணத்தில் ஒரு பங்கு வாங்கலாம். புரோக்கரின் நாமினி கணக்கில் இருந்தால் பங்குப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே புரோக்கரிடம் பிராக்ஸி கடிதம் (கூட்டத்தில் கலந்துகொள்ள அனுமதிக்கும் கடிதம்) கேட்டு வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டு வாசலிலேயே நிற்பவர்கள் உண்டு. தீர்மானம் கொண்டுவர 5 சதவீத வாக்கு வேண்டும், அல்லது சராசரியாக ஆளுக்கு 100 பவுண்டு முகமதிப்புள்ள பங்கு வைத்திருக்கும் 100 பங்குதாரர்கள் வேண்டும். ஒரு சபையால் ஆகாது, பல சபைகள் கூடினால்தான் யோசிக்கலாம்.

'எங்கள் ஏற்றுமதிக்கு அரசு லைசென்ஸ் இருக்கிறது' என்ற பதில்தான் அங்கே வரும். அப்போது 2019 ஜூன் தீர்ப்பைச் சொல்லுங்கள். ஏமன் போரில் சவூதி கூட்டணி முன்பு மனிதாபிமானச் சட்டத்தை மீறியதா என்று பிரிட்டன் அரசு முடிவுக்கு வராமலே சவூதிக்கு ஆயுத ஏற்றுமதி லைசென்ஸ் கொடுத்தது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு மறுபரிசீலனை செய்து 2020-இல் லைசென்ஸ் வழங்குவதை மீண்டும் தொடங்கியது, அதை எதிர்த்த வழக்கு 2023-இல் தோற்றது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் அதைச் சொல்வார்கள்.

மாற்றுவதாக முடிவெடுத்தால், பதிவு பெற்ற அறக்கட்டளை தன் நோக்கத்துக்கே பணத்தைச் செலவிடும்வரை விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. புது ஃபண்டின் விளம்பரத் தாளில் முதல் பத்துப் பங்குகள்தான் இருக்கும். அரையாண்டு அறிக்கையில் முழுப் பட்டியலைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஆண்டுதோறும் அதைத் திரும்பப் பாருங்கள். உக்ரைன் போருக்குப் பிறகு பல ஃபண்டுகள் ஆயுத விலக்கைத் தளர்த்திவிட்டன.