விடுதியில் சின்னம்மை: கேட்டவர்களுக்குப் பதில்

மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் கல்லூரி மருத்துவ அறைக்கு "டாக்டர், இது வேர்க்குருவா, அம்மையா?" என்று கையை நீட்டிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். தடுப்பூசி பரவலாகப் போடாத குளிர்நாடுகளில் சின்னம்மை சின்ன வயதிலேயே வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இருபது வயதிலும் வராதவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் ஒரே விடுதியில் படுத்துத் தூங்குகிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

எங்க ஹாஸ்டல்ல மூணு பசங்களுக்கு அம்மை போட்டிருக்கு. மொத்தம் 400 பேர். முதல்ல என்ன செய்யணும் டாக்டர்? (வார்டன்)

மூவரையும் தனிக் குளியலறை உள்ள ஓர் அறைக்கு இன்றே மாற்றுங்கள். ஒரே நோய்தான் என்பதால் மூவரும் சேர்ந்தே இருக்கலாம். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். "உனக்கு அம்மை வந்திருக்கா, ஊசி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். தெரியாது என்பவனை அங்கேயே அம்மாவுக்குப் போன் போடச் சொல்லுங்கள், அம்மாக்களுக்கு நினைவிருக்கும். ஏற்கெனவே வந்தவர்களை மட்டும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வையுங்கள்.

அடுத்தது காலண்டர். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில். பத்து நாள் புதிதாக யாருக்கும் வராததைப் பார்த்து "அடங்கிடுச்சு" என்று விட்டுவிடுவதுதான் வார்டன்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டாவது சுற்று அதற்குப் பிறகுதான் வரும். கடைசியாகப் போட்ட பையனிலிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள்.

பேசாமல் விடுதியை மூடி எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன? (நிர்வாக அலுவலர்)

வேண்டாம் சார். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். இன்று நன்றாக இருக்கிற பையன் இரவு பஸ்ஸில் ஏறுவான், பக்கத்து சீட்டில் ஒரு கர்ப்பிணி இருப்பார். வீட்டில் அக்காவின் கைக்குழந்தை இருக்கும். அப்புறம் ஆளுக்கொரு நாளில் திரும்பி வருவார்கள், மறுபடி தொடங்கும். நோயாளியைப் பெற்றோர் சொந்த வண்டியில் வந்து கூட்டிப்போவதாக இருந்தால், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இல்லையென்று கேட்டுக்கொண்டு அனுப்பலாம். பஸ்ஸில், ரயிலில் தனியாக அனுப்பவே கூடாது.

அம்மைன்னு சொல்லி லீவு எடுக்கப் பார்க்கிறாங்க. 75 சதவீத அட்டெண்டன்ஸ் விதியைத் தளர்த்தினா எல்லாரும் வருவாங்களே? (துறைத் தலைவர்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் பரவுவது இங்கேதான்.

முன்பு நான் இருந்த ஒரு கல்லூரியில், ஏப்ரல் வெயிலில் ஒரு பெண் முழுக்கைச் சுடிதாரும் கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவுமாக இன்டர்னல் எழுத வந்தாள். மூன்றாம் நாள் மயக்கம் வந்து என்னிடம் கூட்டிவந்தார்கள். துப்பட்டாவை விலக்கினால் கழுத்தில், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் நீர் கோத்த முத்துகள். காய்ச்சல் 102. "மேடம், ஏற்கெனவே 73 சதவீதம்தான் இருக்கு, அட்டெண்டன்ஸ் குறைஞ்சா கட்டுற கண்டோனேஷன் ஃபீஸுக்கு வீட்ல பணம் இல்லை" என்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே தேர்வு அறையில் இருந்தவர்களுக்கு வரிசையாக வர ஆரம்பித்தது.

அந்தப் பெண்ணை மறைக்க வைத்தது நம் விதி. சின்னம்மையை நடிக்க முடியாது சார். தோலில் தெரியும், நான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை, பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள், வருகைப் பதிவும் மறுதேர்வும் கொடுத்துவிடுங்கள். அதை இன்றே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அம்மா வந்திருக்கிறப்போ மாத்திரை கொடுக்கலாமா? எங்க மாமியார் கூடாதுங்கிறாங்க. (ஒரு மாணவனின் தாய்)

கொடுக்கலாம்மா. மாமியாரின் பயம் பெரியம்மைக் காலத்துப் பயம், அது 1980-லேயே உலகத்தை விட்டு ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டுங்கள். அது பார்க்கிறவர்களை விலகிப் போகச் சொல்லும் நல்ல வழக்கம். இளநீர், மோர், கஞ்சி எல்லாம் கொடுங்கள். பெரியவர்களுக்குக் குழந்தைகளைவிட இது கடுமையாக வரும். அதனால் டாக்டர் எழுதித் தரும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபெனும் வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்காமல் தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும். நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்தால் சீழ் பிடிக்கும்.

மூச்சு வாங்கினால், இருமல் கூடினால், குழறிப் பேசினால், நடை தள்ளாடினால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. புகைபிடிக்கும் பையன்களுக்கு நுரையீரலைத் தாக்கும் வாய்ப்பு அதிகம். இதை அப்பாவுக்குத் தெரியாமல் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஸ்ஸை மூடணுமா? (மெஸ் கமிட்டி மாணவர்)

மூட வேண்டாம், நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள் தம்பி. நோயாளிகளுக்கும் அவர்கள் அறைத் தோழர்களுக்கும் பார்சல். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்தபோது, எல்லோரும் ஒரே மெஸ்ஸில் கூடியது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பிறகு சாப்பாட்டை அறைக்கே அனுப்பினார்கள். சமையல் அக்காமார்களிடமும் அம்மை வந்ததா என்று கேளுங்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. என் வகுப்பில் ஒருவருக்கு வந்திருக்கிறது. (உதவிப் பேராசிரியர்)

உங்களுக்குச் சின்ன வயதில் வந்திருந்தால் நிம்மதியாக இருங்கள். இல்லையென்றாலோ தெரியாவிட்டாலோ இன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் தொற்று பட்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசி போடலாம். தடுப்பூசி இப்போது உங்களுக்குக் கூடாது.

தடுப்பூசி இப்போ போட்டா பிரயோஜனம் உண்டா? (அறைத் தோழர்)

உண்டு. தொற்று பட்ட மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் தடுக்கவோ குறைக்கவோ செய்யும். உங்கள் வயதுக்கு இரண்டு டோஸ், நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, வெளியில் விலையும் அதிகம். கல்லூரி மொத்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வருடமும் எழுதியிருக்கிறேன்.

டாக்டர், என் வயித்துல ரெண்டு கொப்புளம் இருக்கு. நேத்து காய்ச்சல். வியாழக்கிழமை இன்டர்னல். யார்கிட்டயும் சொல்லலை. (முதலாண்டு மாணவர்)

என்னிடம் சொல்லிவிட்டாய், நல்லது தம்பி. இன்று இரவு மெஸ்ஸுக்குப் போகாதே. வார்டனுக்குப் போன் செய், நேரில் போக வேண்டாம். சாப்பாடு வாசலுக்கு வரும். காலை எட்டு மணிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு மருத்துவ அறையின் பின்வாசலுக்கு வா, முன்னால் வரிசை இருக்கும். மாத்திரை, துறைக்குக் கடிதம் இரண்டும் அங்கேயே தருகிறேன். உன் அறைத் தோழனை இப்போதே எழுப்பி, அவனுக்கு அம்மை வந்திருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வா, ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.